ஆயிரம் பேர் திரண்டால் போதுமா?

பிப்ரவரி 2, காலை (கேள்வி)

எங்கள் பகுதியில் இருக்கும் கிளை நூலகத்தை மூடப்போகிறார்கள். முடிவெடுக்கும் கூட்டம் மார்ச் 20-ஆம் தேதி. அதற்கு முன்னால் ஒரு பேரணி நடத்தலாம் என்று நாற்பது பேர் கூடிப் பேசினோம். என் எண்ணம் இதுதான்: எப்படியாவது ஆயிரம் பேரைத் திரட்டிவிட்டால் மற்றது தன்னால் நடக்கும். அமைதியாக வாருங்கள் என்று நோட்டீஸில் போட்டால் மக்கள் அமைதியாகத்தானே வருவார்கள்? இதில் எதையாவது கவனிக்காமல் விடுகிறேனா?

பிப்ரவரி 2, இரவு

விடுகிறீர்கள். இதையே நம்பி நாங்களும் ஒருமுறை இறங்கினோம். என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு வேகமான சாலை. கடக்கும் இடத்தில் சிக்னல் இல்லை, வேகத்தடை இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அடிபட்டு இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். எல்லோருக்கும் கோபம், கூப்பிட்டதும் வந்தார்கள். அறுநூறு பேர் இருக்கும். எல்லோருக்கும் விடுமுறை என்று ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். நாங்கள் போய் நின்ற அலுவலகத்துக்கும் அன்று விடுமுறை. பூட்டிய கதவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் முழக்கம் போட்டோம். கையில் இருந்த ஒரே மெகாபோனில் பேட்டரி பாதியில் தீர்ந்தது. முன்வரிசை நடக்க ஆரம்பித்தது பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பின்னால் சிலர் சாலையில் உட்கார்ந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு கார்க்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார், வாய்த்தகராறு வந்தது, ஒரு பையன் அந்தக் காரின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டான்.

மறுநாள் செய்தியில் அந்தக் கண்ணாடி வந்தது. சிக்னல் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தப் பையன் அடிபட்ட பிள்ளையின் அண்ணன். பதினேழு வயது. வந்தவர்களிலேயே அதிக வலியோடு வந்தவன் அவன்தான். அவனுக்கு நாங்கள் ஒரு வேலையும் கொடுக்கவில்லை, அவன் பக்கத்தில் யாரையும் நிறுத்தவும் இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. “அமைதியாக வாருங்கள்” என்று நாங்களும் நோட்டீஸில் போட்டிருந்தோம், பெரிய எழுத்தில்.

பிப்ரவரி 3

இன்று கொஞ்சம் நிதானமாக. ஆள் திரட்டுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்: நூலகத்தைக் காப்பாற்றும் அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறது? அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு ஓட்டு? அதில் உங்கள் பக்கம் யார், எதிர்ப்பக்கம் யார், இன்னும் எந்தப் பக்கமும் சாயாதவர்கள் யார்? சாயாதவர்கள் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். பேரணி போகும் வழி, நாள், நேரம், முழக்கம் எல்லாவற்றையும் அந்த மூன்று நான்கு பேரை மனதில் வைத்துத் தீர்மானியுங்கள். அவர்கள் கண்ணில் படாத தெருவில் ஆயிரம் பேர் நடந்து என்ன பயன்?

கோரிக்கை ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதைக் கேட்டவர் “சரி” என்றோ “முடியாது” என்றோ பதில் சொல்லும்படி இருக்க வேண்டும். “கல்வியைக் காப்பாற்று” என்றால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். “மார்ச் 20 கூட்டத்தில் மூடும் தீர்மானத்துக்கு எதிராக ஓட்டுப் போடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் முதல் ஊர்வலத்தில் சிக்னல், குடிநீர், சாக்கடை, வேலை என்று ஆளுக்கொரு தட்டி. எல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் ஒரு பத்தி எழுத வந்த நிருபருக்கு எதை எழுதுவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3, மாலை

சின்னதாகக் கேட்டால் சின்னதாகத்தான் கிடைக்கும், பெரிதாகக் கேளுங்கள் என்கிறார் ஒருவர். நானும் அப்படி நினைத்த காலம் உண்டு. அமெரிக்காவில் நடந்த மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பைப் பற்றிப் படித்த பிறகு மாறினேன்.

1955 டிசம்பர் 1-ஆம் தேதி, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். கறுப்பினத்தவரைத் தனியே உட்காரவைக்கும் முறையையே ஒழிக்கச் சொல்லி அன்றே போராட்டம் தொடங்கியது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அப்படி இல்லை. முதலில் கேட்டவை மூன்று: பயணிகளை மரியாதையாக நடத்த வேண்டும், கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வருகிற வரிசைப்படி உட்கார விட்டு, உட்கார்ந்தவரை எழுப்பாமல் இருக்க வேண்டும், கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களுக்கு வேலை தர வேண்டும். இதையும் நகர நிர்வாகம் மறுத்தது. இவ்வளவு அடக்கமான கோரிக்கையைக்கூட மறுக்கிறார்கள் என்பது ஊருக்கே புரிந்துபோனது. அப்புறம் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், தனி இருக்கை முறையே சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. 381 நாள் நடந்த போராட்டம் அது. அறிவித்தபோது ஒரே ஒரு நாளுக்குத்தான் அறிவித்தார்கள், டிசம்பர் 5 திங்கட்கிழமைக்கு மட்டும். அன்று பஸ்கள் காலியாக ஓடியதைப் பார்த்த பிறகுதான், அன்று மாலைக் கூட்டத்தில் தொடர்வதென்று முடிவானது.

இன்னொன்று. பார்க்ஸ் கைதான அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை விடியவிடிய உட்கார்ந்து பல்லாயிரம் துண்டறிக்கைகளை நகலெடுத்தார். ஒரே இரவில் எப்படி முடிந்தது? அவர் சார்ந்த பெண்கள் அமைப்பு 1954 மே மாதமே, அதாவது ஒன்றரை வருடம் முன்பே, பஸ் புறக்கணிப்பு வரலாம் என்று மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தது. யார் எந்தப் பகுதிக்குத் துண்டறிக்கை கொண்டுபோவது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நமக்கு அந்த இரவு மட்டும்தான் தெரிகிறது.

பிப்ரவரி 4

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு சின்னக் குறிப்பு. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி கடத்திக்கொண்டுபோன பிள்ளைகளைத் தேடி 14 தாய்மார்கள் 1977 ஏப்ரல் 30-ஆம் தேதி புவெனஸ் ஐரிஸ் நகரின் மாயோ சதுக்கத்தில் முதல்முறை கூடினார்கள். அன்று சனிக்கிழமை, சதுக்கத்தில் ஆளே இல்லை. அடுத்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றி, கடைசியில் வியாழக்கிழமை என்று நிலைபெற்றது. கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்று போலீஸ் விரட்டியது. சரி, நகர்கிறோம் என்று இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். விரட்டியவர்கள் போட்ட கட்டளையே அவர்களுடைய போராட்ட வடிவம் ஆகிவிட்டது.

உங்கள் ஊர்வலம் வேலை நாளில் இருக்கட்டும். ஆள் குறையும், பரவாயில்லை.

பிப்ரவரி 6

ஒத்திகை. இதைப் பற்றி நிறைய எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜேம்ஸ் லாசன் என்ற இளைஞர் 1950களில் நாக்பூரில் மூன்று வருடம் இருந்தார். காந்தியின் முறையை ஊன்றிப் படித்துவிட்டு அமெரிக்கா திரும்பி, நாஷ்வில் நகரத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். சொற்பொழிவோடு விடவில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதை உணவகம் என்று வைத்துக்கொள்வார்கள். சிலர் உட்காருவார்கள், மற்றவர்கள் வந்து திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து தள்ளிவிடுவார்கள். உட்கார்ந்தவர் திருப்பி அடிக்காமல், தலையைப் பாதுகாத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை மறைத்து நிற்கப் பழக வேண்டும். அப்புறம் வேடத்தை மாற்றிக்கொள்வார்கள். இப்படி மாதக்கணக்கில்.

1960 பிப்ரவரியில், கறுப்பினத்தவருக்குப் பரிமாறாத உணவக மேசைகளில் நிஜமாகவே போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் ஒரு நடத்தை விதிப் பட்டியல் இருந்தது: திட்டினாலும் திருப்பிப் பேசாதே, வாசலையும் நடைபாதையையும் மறிக்காதே, நிமிர்ந்து உட்கார், தலைவர் சொல்லாமல் இடத்தை விட்டு எழாதே என்ற மாதிரி எளிய விதிகள். பிப்ரவரி 27 அன்று ஒரு கும்பல் அவர்களைத் தாக்கியது. போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு அடிவாங்கிய சுமார் எண்பது மாணவர்களைக் கைது செய்தது. ஒரு வரிசையைக் கைது செய்து கொண்டுபோனதும் அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. அடுத்த வரிசை தயாராக இருந்தது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். மே 10-ஆம் தேதி அந்த நகரத்தின் மையத்தில் இருந்த ஆறு கடைகளின் உணவக மேசைகள் எல்லோருக்கும் திறந்தன.

இதைப் படித்துவிட்டு எங்கள் இரண்டாவது ஊர்வலத்துக்கு முன் மூன்று முறை ஒத்திகை வைத்தோம். ஒரு பள்ளி மைதானம், முப்பத்தைந்து பேர். ஒருவர் ஹாரன் அடிக்கும் கார்க்காரர், ஒருவர் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டுபவர், ஒருவர் நம் ஆள் மாதிரியே வந்து “இப்படிக் கெஞ்சினால் நடக்குமா, கல்லை எடு” என்று தூண்டிவிடுபவர். இந்த மூன்றாவது வேடத்தைத்தான் யாராலும் சமாளிக்க முடியவில்லை. எதிரி திட்டினால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம், நம் பக்கத்து ஆளே கோழை என்று சொன்னால் ரத்தம் கொதிக்கிறது. மூன்றாவது ஒத்திகையில் ஒரு பாட்டி வழி கண்டுபிடித்தார். அந்த ஆளோடு வாதாடவே இல்லை. பக்கத்தில் போய் நின்று, “தம்பி, இந்தப் பதாகையின் ஒரு முனையைக் கொஞ்சம் பிடி” என்று கையில் கொடுத்துவிட்டார். அவர் இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டியிருந்தது. அன்று முதல் எங்கள் தொண்டர்களுக்கு அதுதான் பாடம்: வாதாடாதே, வேலை கொடு.

பிப்ரவரி 7

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாத் தூண்டுகாரர்களுக்கும் பதாகை கொடுத்தால் சரியாகிவிடும் என்ற தொனி வந்துவிட்டது. ஆகாது. முகத்தை மூடிக்கொண்டு, யாருக்கும் அறிமுகம் இல்லாமல், திட்டம் போட்டுக் கெடுக்கவே வருபவர்களும் உண்டு. அப்படி ஒருவர் கல்லை எடுத்தால் மற்ற எல்லோரும் அவரைச் சுற்றி விலகிச் சட்டென்று தரையில் உட்கார வேண்டும். எறிபவர் மட்டும் தனியாக நிற்பார், கேமராவில் அது தெளிவாகத் தெரியும். உட்காருவதற்கு ஒரு சைகை வேண்டும். நாங்கள் விசில் வைத்தோம், நீளமாக ஒரு ஊதல். விசில் சத்தம் வாகன இரைச்சலில் கரைந்துவிடும் என்பதால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைப்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

ஆனால் கூட்டம் நெருக்கமாக இருக்கும்போதோ பின்னாலிருந்து தள்ளும்போதோ உட்காரச் சொல்லாதீர்கள். மிதிபட்டுவிடுவார்கள். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 9

மக்கள்தொகையில் மூன்றரை சதவீதம் பேர் வந்தால் போராட்டம் வென்றுவிடும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறார்கள்.

எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் இருவரும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 பெரிய இயக்கங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். வன்முறையற்றவற்றில் ஏறக்குறைய 53 சதவீதம் வென்றிருந்தன. ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதம். மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் தீவிரமாகக் கலந்துகொண்ட இயக்கம் பெரும்பாலும் தோற்றதில்லை என்பது அதிலிருந்து கிளம்பிய பேச்சு. அது கடந்த காலத்தில் கண்ட போக்கு, விதி ஆகாது, விதிவிலக்குகளும் உண்டு என்று செனோவெத்தே பின்னால் விளக்கியிருக்கிறார். தவிர அது ஆட்சி மாற்றம், நாட்டு விடுதலை மாதிரியான இயக்கங்களைப் பற்றியது. ஒரு நூலகத்தைக் காப்பாற்ற ஊர் ஜனத்தொகையில் 3.5 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

அந்த ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்த இடம் வேறு. வன்முறையற்ற இயக்கங்களில் சேருபவர்கள் எண்ணிக்கையும் அதிகம், வகையும் அதிகம். கல் பறக்கும் ஊர்வலத்துக்குத் தாத்தா பாட்டி வரமாட்டார்கள், கைக்குழந்தைக்காரி வரமாட்டாள், சக்கர நாற்காலியில் இருப்பவர் வரமாட்டார். நூலகம் யாருக்கு அதிகம் தேவை? அவர்களுக்குத்தானே.

பிப்ரவரி 11

தண்ணீர், கழிப்பறை, நிழல், ஒலி. “இதெல்லாம் கல்யாண வேலை மாதிரி இருக்கிறதே” என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் முகம் சுளித்தார். கல்யாண வேலைதான். தாகத்தோடும் வெயிலோடும் நிற்கும் கூட்டத்துக்குப் பொறுமை சீக்கிரம் போய்விடும்.

கறுப்பினத்தவர் உரிமைக்காக 1963 ஆகஸ்ட் 28 அன்று நடந்த வாஷிங்டன் பேரணிக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். பேயார்ட் ரஸ்டின் அதை இரண்டு மாதத்துக்குள் ஏற்பாடு செய்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் மேடைப் பேச்சு உலகத்துக்கே தெரியும். ரஸ்டினின் குழு எதைப் பற்றியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டது என்று பாருங்கள்: எத்தனை பஸ், எங்கே நிறுத்துவது, எத்தனை கழிப்பறை, எத்தனை முதலுதவி இடம், வெயிலில் கெட்டுப்போகாத சாப்பாடு எது. நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் தொண்டர்கள் உட்கார்ந்து 80,000 சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினார்கள். ஒழுங்கு காக்கப் பணியில் இல்லாத கறுப்பினப் போலீஸ்காரர்களைத் தொண்டர்களாகச் சேர்த்து, துப்பாக்கி இல்லாமல் கூட்டத்தைக் கையாள ரஸ்டின் பயிற்சி கொடுத்தார். நல்ல ஒலி அமைப்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், காதில் விழாத கூட்டம் கலையும் அல்லது கலவரமாகும் என்பது அவர் கவலை. பேரணிக்கு முந்தின நாள் யாரோ அதைச் சேதப்படுத்திவிட, ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவை வரவழைத்து இரவோடு இரவாகச் சரிசெய்தார்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல ஒலிபெருக்கியும், மாற்றாக இன்னொன்றும், கூடுதல் பேட்டரியும் போதும்.

பிப்ரவரி 11, இரவு

இதே பேச்சில் உப்பு சத்தியாகிரகம் ஞாபகம் வந்தது. 1930 மார்ச் 12-ஆம் தேதி காந்தி சபர்மதியிலிருந்து 78 பேரோடு கிளம்பி, சுமார் 385 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 6 காலை தண்டியில் உப்பை எடுத்தார். இளம் தொண்டர்கள் முன்கூட்டியே போய் ஒவ்வொரு கிராமத்தின் நிலவரத்தையும் கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் ஓய்வு. வைஸ்ராய்க்கு மார்ச் 2-ஆம் தேதியே கடிதம் போய்விட்டது, என்ன செய்யப்போகிறேன் என்பதை மறைக்காமல்.

ராஜாஜி நடத்தியது அதைவிட இறுக்கமான சூழலில். ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குச் சுமார் நூறு தொண்டர்கள். வழியில் அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். நடப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள், கொடுத்தவர் யார் என்று கேட்டால் மரம்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். முன்னால் வரத் துணிவில்லாதவர்களுக்கும் அந்தப் போராட்டத்தில் ஒரு வேலை கிடைத்துவிட்டது பாருங்கள். உங்கள் நாற்பது பேரில் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் இருந்தால், அவர்களுக்கு ஏற்ற மரக்கிளை எது என்று யோசியுங்கள். தட்டி எழுதலாம், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், தொலைபேசி அருகே உட்காரலாம்.

பிப்ரவரி 13

அனுமதி, போலீஸ். இடத்துக்கு இடம் சட்டம் மாறும், அதனால் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டே ஆக வேண்டும். எங்கும் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். போலீஸோடு பேச ஒரே ஒருவர் இருக்கட்டும், சட்டென்று கோபப்படாதவர். அவருக்கு மாற்றாக இன்னொருவர், ஏனென்றால் முதலில் பிடித்துக்கொண்டுபோவது அவரையாக இருக்கலாம். 1930-இல் தண்டி யாத்திரை கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பே, முன்னேற்பாட்டுக்குப் போயிருந்த வல்லபாய் படேலைக் கைது செய்துவிட்டார்கள். யாத்திரை நின்றதா?

கைதாகலாம் என்ற நிலை இருந்தால் யார் தயார், யார் தயாரில்லை என்பதை முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் வெட்கத்துக்காகக் கை தூக்குவார்கள். மாத்திரை சாப்பிடுபவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், வேலை போய்விடும் என்ற பயம் உள்ளவர் எல்லோருக்கும் பின்வாங்க மரியாதையான வழி இருக்க வேண்டும். வழக்கறிஞர் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். போனைப் பிடுங்கிவிட்டால் மனப்பாடமாக எண் சொல்லக்கூடியவர் இன்று யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி 14

கையில் என்ன இருக்க வேண்டும்? 1989 அக்டோபர் 9 இரவு கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் சுமார் 70,000 பேர் ஆட்சியை எதிர்த்து நடந்தார்கள். சுடுவார்களோ என்று ஊரே நடுங்கிய இரவு. பலர் கையில் மெழுகுவத்தி. ஒரு கை வத்தியைப் பிடிக்க, மறு கை காற்றை மறைக்க, கல் எடுக்கக் கை ஏது? சுடவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

தட்டிகளுக்குக் கட்டை வேண்டாம், அட்டைக் குழாய் போதும். கட்டை புகைப்படத்தில் ஆயுதம் மாதிரி தெரியும், சண்டையென்று வந்தால் ஆயுதமாகவே ஆகிவிடும். நூலகத்துக்காக நடப்பவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் எடுத்துவந்தால்? வாய் திறக்காமலே கோரிக்கை புரிந்துவிடும்.

பிப்ரவரி 17

“நம் ஆள் ஒருவர் தவறு செய்துவிட்டால் மொத்தப் போராட்டத்தையும் நிறுத்த வேண்டுமா?” கேட்டவருக்குச் சௌரி சௌரா மனதில் இருப்பது தெரிகிறது. 1922 பிப்ரவரி 4 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் சிலர் இறந்தார்கள். கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது, இருபதுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் மாண்டார்கள். அடுத்த வாரமே நாடு தழுவிய ஒத்துழையாமை இயக்கத்தைக் காந்தி நிறுத்தினார். சிறையில் இருந்த தலைவர்கள் பலர் கொதித்துப்போனார்கள்.

இளவயதில் நான் அந்தத் தலைவர்கள் பக்கம். எங்கோ ஒரு சிற்றூரில் நடந்ததற்கு நாடே ஏன் நிற்க வேண்டும்? காரின் கண்ணாடி உடைந்த பிறகு மனசு மாறியது, ஆனால் முழுவதும் மாறவில்லை. நிறுத்தியதால் மக்கள் சோர்ந்துபோனதும் உண்மை, எட்டு வருடம் கழித்து உப்பு சத்தியாகிரகத்துக்கு ஆட்களை அவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்ததில் அந்தப் பாடம் இருந்ததும் உண்மை. உங்களுக்கு என் யோசனை: எந்த நிலையில் அன்றைய நிகழ்ச்சியை முடித்துக்கொள்வீர்கள், அதை யார் சொல்வார்கள் என்பதை முன்கூட்டியே மூன்று பேர் சேர்ந்து எழுதி வையுங்கள். களத்தில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க முடியாது. நான் முயன்று பார்த்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

கண்ணாடி உடைந்த கார்க்காரருக்கு நாங்கள் பணம் வசூலித்துக் கொடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். இரண்டாவது ஊர்வலத்துக்கு அவர் தண்ணீர் கேன்களைத் தம் காரிலேயே கொண்டுவந்தார்.

பிப்ரவரி 20

எண்ணிக்கை. நீங்கள் இரண்டாயிரம் என்பீர்கள், எதிர்ப்பக்கம் முந்நூறு என்பார்கள். ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பேராசிரியர் 1960களில் பெர்க்லியில் தம் ஜன்னலுக்குக் கீழே மாணவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தரையில் இருந்த கட்டங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். தளர்வாக நின்றால் ஒருவருக்குப் பத்து சதுர அடி, நெருக்கமாக நின்றால் நாலரை சதுர அடி. பரப்பை அளந்து வகுத்தால் எண்ணிக்கை. ஏழு மீட்டர் அகலச் சாலையில் நூறு மீட்டர் நீளத்துக்குத் தளர்வாக நின்றால் சுமார் 750 பேர், நெருங்கி நின்றால் 1,700 வரை. இந்தக் கணக்கை நிருபர்களிடம் காட்டுங்கள். குறைவாக வந்தால் குறைவாகவே சொல்லுங்கள். ஒருமுறை ஊதிச் சொன்னால் அடுத்தமுறை உண்மை எண்ணையும் நம்பமாட்டார்கள்.

இதே கணக்கு பாதுகாப்புக்கும் உதவும். ஒரு சதுர மீட்டருக்கு நாலைந்து பேர் என்று நெருங்கினால் தள்ளுமுள்ளில் உயிரே போகலாம். குறுகலான முடுக்கு, ஒரே வாசல் உள்ள சதுக்கம் இரண்டையும் வழியில் வைக்காதீர்கள்.

பிப்ரவரி 21

படங்கள் பற்றி. நல்ல படம் எடுக்க ஒருவரை நியமியுங்கள். 1930 மே 21 அன்று தாராசனா உப்பளத்தில் சரோஜினி நாயுடு தலைமையில் வந்த தொண்டர்கள் வரிசை வரிசையாக முன்னேறி, கை உயர்த்தாமல் அடி வாங்கியதை வெப் மில்லர் என்ற வெளிநாட்டு நிருபர் நேரில் பார்த்து எழுதினார். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் அது வந்தது. அவர் அங்கே இல்லாமல் போயிருந்தால்? ஆனால் வேலை போகும் ஆபத்தில் இருப்பவர்கள் முகமும் பிள்ளைகள் முகமும் தெரியும் படங்களைக் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

பிப்ரவரி 24

முடிக்கும் நேரத்தை நோட்டீஸிலேயே போடுங்கள். 1989 ஆகஸ்ட் 23 அன்று எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்று நாட்டு மக்கள் சுமார் இருபது லட்சம் பேர், 600 கிலோமீட்டருக்கும் மேல், தாலின் முதல் வில்னியஸ் வரை கைகோத்து நின்றார்கள். எந்த ஊர்க்காரர் சாலையின் எந்தப் பகுதியில் நிற்க வேண்டும் என்று முன்பே பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தகவல் சொன்னது வானொலி. மாலை ஏழு மணிக்குக் கைகோத்தது பதினைந்து நிமிடம். அவ்வளவுதான். எந்த நேரத்தில் வீடு திரும்பலாம் என்று தெரிந்தால் ஆள் அதிகம் வரும். முடிவு அறிவிக்காத கூட்டத்தில் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வம்பு நடக்கும். எங்கள் கண்ணாடி உடைந்ததும் அப்போதுதான்.

பிப்ரவரி 26

எங்கள் இரண்டாவது ஊர்வலம் எப்படிப் போனது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை காலை. வந்தது 240 பேர், முதல்முறையில் பாதிகூட இல்லை. இருபது பேருக்கு ஒரு தொண்டர் என்று பிரித்திருந்தோம், கையில் மஞ்சள் துணி. அந்த அண்ணனிடம் ஒரு மாதம் முன்பே போய்ப் பேசினேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. “உன் தங்கச்சியும் நடக்க ஆசைப்படுகிறாள், அவளுக்கு இன்னும் கால் சரியாகவில்லை, ஊர்வலம் எந்த வேகத்தில் போக வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்” என்றேன். அவன் முன்வரிசையில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவளுடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும். அரை கிலோமீட்டரைக் கடக்க நாற்பது நிமிடம் ஆனது. வழியில் ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தார். அவன் திரும்பிப் பார்த்தான், பிறகு தங்கையைப் பார்த்தான், நடந்தான்.

சிக்னல் அன்று கிடைக்கவில்லை. மனுவை வாங்கிக்கொண்டார்கள், பதில் சொல்ல ஒரு தேதி கொடுத்தார்கள், அந்தத் தேதியில் நாங்கள் பத்து பேர் போய் உட்கார்ந்தோம். மறுபடி ஒரு தேதி, மறுபடி போனோம். நாலு மாதத்தில் வேகத்தடை வந்தது, பதினோரு மாதத்தில் சிக்னல்.

மார்ச் 1

பேரணி மார்ச் 12 என்று முடிவு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். தண்டி யாத்திரை கிளம்பிய நாள், தெரிந்து வைத்தீர்களோ தற்செயலோ, சந்தோஷம். ஒத்திகைக்கு ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள் என்பது அதைவிடச் சந்தோஷம். ஆயிரம் பேர் வருவார்களா என்று இன்னும் கவலைப்படுகிறீர்கள். அந்த ஐம்பத்திரண்டு பேருக்கும் அன்று எங்கே நிற்க வேண்டும் என்று தெரியுமா? தெரிந்தால் ஆயிரம் பேரை அவர்கள் தாங்குவார்கள், முந்நூறு பேர் வந்தாலும் சோர்ந்துபோகமாட்டார்கள்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. கலையும் இடத்தில் இரண்டு பேரை நிறுத்தி, தட்டிகளையும் பதாகைகளையும் திரும்ப வாங்கி, நனையாத இடத்தில் அடுக்கி வையுங்கள். மார்ச் 20 அன்று கூட்டம் நடக்கும் வாசலில் அவை மறுபடி வேண்டியிருக்கும்.